பெருங்குடல் புற்றுநோயில் இடம்பெயர் மரபுக்கூறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் மரபணுத் தொகுதியில் இடம் விட்டு இடம் தாவக்கூடிய டி.என்.ஏ. துண்டுகள் உள்ளன என்று படித்தவர்கள், அவைதாம் பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்குகின்றனவா என்று கேட்கிறார்கள். ஒரே சொல்லில் விடை சொன்னால் அது தவறாகிவிடும். ஒரு துண்டு தாவிச் சென்று முக்கியமான மரபணுவை உடைப்பது ஒன்று. அந்தத் துண்டுகளைப் பூட்டி வைத்திருக்கும் அமைப்பு தளர்ந்துபோவது வேறொன்று. தளர்ந்தபின் வெளிவரும் ஆர்.என்.ஏ.யைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முயல்வது மூன்றாவது. செய்திகளில் இவை மூன்றும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுவதால், இங்கே இயன்றவரை அவற்றைத் தனித்தனியே வைத்துப் பேசுகிறேன்.

இடம்பெயர் மரபுக்கூறு என்றால் என்ன?

டி.என்.ஏ. தொடரில் தான் இருக்கும் இடத்தை விட்டு வேறோர் இடத்தில் போய் அமரவோ, தன்னைப் படியெடுத்து அந்தப் படியை வேறோர் இடத்தில் செருகவோ வல்ல பகுதியே இடம்பெயர் மரபுக்கூறு. ஆங்கில வழக்கை ஒட்டி டிரான்ஸ்போசான் என்றும், எளிய வழக்கில் தாவும் மரபணு என்றும் சொல்வதுண்டு.

இவற்றை முதலில் கண்டவர் அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக். 1940களில் அவர் மக்காச்சோளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வெளிறிய மணிகளின் மேல் ஊதாப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றுவதைக் கவனித்தார். நிறத்துக்குரிய மரபணுவில் ஒரு கூறு புகுந்து அமர்ந்தால் அந்த மணி நிறமிழக்கிறது. மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தக் கூறு வெளியேறிவிட்டால், அந்தச் செல்லிலிருந்து பிறந்த எல்லாச் செல்களும் மீண்டும் நிறம் பெற்று ஒரு புள்ளியாகத் தெரிகின்றன. கூறு முன்பே வெளியேறினால் புள்ளி பெரிதாகவும், பிந்தி வெளியேறினால் சிறிதாகவும் இருக்கும். இதை அவர் 1950இல் வெளியிட்டார். நோபல் பரிசு 1983இல்தான் கிடைத்தது. அந்த மணியின் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல்லில் நிகழ்ந்த தாவல் அதன் வழித்தோன்றல்கள் எல்லாவற்றிலும் அடையாளமாக நிலைத்துவிடும் என்ற அதே உண்மையைக் கொண்டுதான், இன்று ஒரு கட்டிக்குள் எந்தத் தாவல் முந்தியது, எது பிந்தியது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

மனித மரபணுத் தொகுதியில் இவை எவ்வளவு இருக்கின்றன?

2001இல் வெளியான மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவின்படி, ஏறத்தாழ 45 சதவீதம் இத்தகைய கூறுகளிலிருந்து வந்தது. புரதங்களுக்கான குறியீட்டைத் தாங்கும் பகுதியோ 2 சதவீதத்துக்கும் குறைவு. லைன்-1 என்ற குடும்பம், சுருக்கமாக எல்1, ஏறத்தாழ 5 லட்சம் பிரதிகளாகப் பரவி மொத்தத்தில் 17 சதவீதத்தை நிரப்புகிறது. ஆலு என்ற சிறு கூறு ஒவ்வொன்றும் 300 எழுத்து (டி.என்.ஏ. தொடரின் அடிப்படை அலகு) நீளமே ஆனாலும், 10 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகளால் 10 சதவீதத்தை எட்டுகிறது. நம் மூதாதையரின் கருச்செல்களில் என்றோ தொற்றி, பரம்பரையாகவே தங்கிவிட்ட பழைய ரெட்ரோவைரஸ்களின் (தம் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாக்கிச் செல்லின் தொகுதியில் செருகும் வைரஸ்களின்) எச்சங்கள் 8 சதவீதம்.

இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இவற்றில் மிகப் பெரும்பாலானவை துண்டுபட்டு, திரிபுற்று, இனித் தாவவே முடியாதவை. முழுமையான எல்1 ஒன்றின் நீளம் ஏறத்தாழ 6,000 எழுத்துகள். 5 லட்சம் பிரதிகளில், இன்றும் தாவும் திறன் உள்ளவை ஒரு மனிதரிடம் ஏறத்தாழ 80 முதல் 100 வரையே. அவற்றிலும் மிகுந்த வேகத்துடன் செயல்படுபவை ஒரு சிலதான். ஆய்வாளர்கள் அவற்றைச் 'சூடான' எல்1 என்கிறார்கள்.

எல்1 எப்படித் தாவுகிறது?

வெட்டி ஒட்டும் முறையில் அன்று. படியெடுத்து ஒட்டும் முறையில். மூல எல்1 தன் இடத்திலேயே இருக்கும். முதலில் அது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு உட்கருவுக்கு வெளியே செல்கிறது. அங்கே அந்த ஆர்.என்.ஏ.யிலிருந்து இரண்டு புரதங்கள் உருவாகின்றன. ஓ.ஆர்.எஃப்.1 புரதம் ஆர்.என்.ஏ.யைச் சூழ்ந்து பற்றிக்கொள்கிறது. ஓ.ஆர்.எஃப்.2 புரதத்துக்கு இரண்டு வேலைகள்: டி.என்.ஏ.யை வெட்டுவது, ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யைத் திருப்பி எழுதுவது. இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் பகுதிக்குத் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி என்று பெயர். எச்.ஐ.வி. கிருமி பயன்படுத்தும் நொதியும் இதே வகையைச் சேர்ந்தது. பின்னால் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்த ஒற்றுமை மீண்டும் வரும்.

ஆர்.என்.ஏ.யும் புரதங்களும் சேர்ந்த கூட்டு உட்கருவுக்குத் திரும்பியதும், ஓ.ஆர்.எஃப்.2 புரதம் டி.என்.ஏ.யின் ஓர் இழையை வெட்டுகிறது. வெட்டு விழும் இடம் முற்றிலும் தற்செயலானது அன்று: நான்கு 'டி' எழுத்துகளுக்கும் இரண்டு 'ஏ' எழுத்துகளுக்கும் இடைப்பட்ட எல்லையை அது விரும்புகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் நீட்டி நிற்கும் 'டி' எழுத்துகள் எல்1 ஆர்.என்.ஏ.யின் முனையிலுள்ள 'ஏ' வாலோடு இணைந்துகொள்ள, அங்கிருந்தே திருப்பி எழுதும் வேலை தொடங்குகிறது. பெரும்பாலும் இந்த வேலை பாதியிலேயே நின்றுவிடுவதால், புதிதாகச் செருகப்படும் பிரதிகளில் மிகப் பல தலைப்பகுதி இல்லாத குறைப்பிரதிகளாகவே அமைகின்றன. அவற்றால் மறுபடி தாவ முடியாது. ஆனால் ஒரு மரபணுவின் நடுவில் விழுந்து அதைக் கெடுப்பதற்கு அந்தக் குறைத்துண்டே போதும்.

ஆலுவுக்குச் சொந்தமாக இத்தகைய புரதங்கள் கிடையாது. அது எல்1 செய்துவைத்த புரதங்களையே எடுத்துப் பயன்படுத்தித் தாவுகிறது.

உடல் இவற்றை எப்படி அடக்கி வைக்கிறது?

பல அடுக்குக் காவலால். எல்லாவற்றுக்கும் முதலாவது மெத்திலேற்றம்: எல்1இன் தலைப்பகுதியில், படியெடுப்பைத் தொடங்கும் இடத்திலுள்ள எழுத்துகளின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஏற்றப்பட்டிருந்தால், அது ஆர்.என்.ஏ.வாகவே மாறாது. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் இடப்படும் அடக்கும் குறிகள் அடுத்த அடுக்கு. அதையும் மீறி ஆர்.என்.ஏ. உருவானால், அபோபெக்-3 போன்ற புரதங்கள் தாவலைத் தடுக்கின்றன. புற்றுநோயைத் தடுப்பதற்காகவே பெயர் பெற்ற பி53 புரதமும் எல்1ஐ அடக்குவதில் பங்கு கொள்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அந்த பி53 திரிந்துபோயிருக்கிறது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாப் புற்றுநோய்களிலும் இப்படி நடக்கிறதா? பெருங்குடலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

எல்லாவற்றிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வு ஐந்து வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 43 கட்டிகளின் முழு டி.என்.ஏ.யையும் படித்து, பெருங்குடல், புராஸ்டேட், சினைப்பைப் புற்றுநோய்களில் புதிய செருகல்களைக் கண்டது. மூளைக் கட்டியிலும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயிலும் அவை காணப்படவில்லை. 2020இல், பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2,954 புற்றுநோய் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்தபோது 19,166 தாவல் நிகழ்வுகள் பதிவாயின. உணவுக்குழாய், தலை-கழுத்து, பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோய்களே முன்னணியில் நின்றன.

ஏன் பெருங்குடல் என்பதற்கு நம்பத்தகுந்த ஒரு விளக்கம், நோயுற்ற திசுவை விட்டு நலமான திசுவைப் பார்த்தபோதுதான் கிடைத்தது. பெருங்குடலின் உட்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் அடர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குருத்தணுக்கள் இருந்துகொண்டு, ஓயாமல் பிரிந்து புதிய செல்களை மேல் நோக்கித் தள்ளுகின்றன; மேலே வந்த செல்கள் சில நாட்களில் உதிர்கின்றன. தென் கொரிய ஆய்வாளர்கள் இத்தகைய தனிச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பெருக்கி, 28 பேரிடமிருந்து பெற்ற 899 செல்வழிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நலமான பெருங்குடல் உட்சுவர்ச் செல்களில் 88 சதவீதத்தில், பிறந்தபின்போ கருவளர்ச்சியின்போதோ சேர்ந்த எல்1 செருகல்கள் இருந்தன. சராசரியாகச் செல் ஒன்றுக்கு மூன்று. இரத்தச் செல்களிலும் இணைப்புத்திசுச் செல்களிலும் அப்படி இல்லை. சில சூடான எல்1களின் மெத்தில் பூட்டு கருவின் தொடக்க நாட்களிலேயே சரியாக இடப்படாமல் போய், அந்தத் தளர்ச்சி வாழ்நாள் முழுவதும் பெருங்குடல் செல்களில் தொடர்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

இந்த முடிவை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். தாவல் என்பது புற்றுநோய் வந்தபின் தோன்றும் சீர்குலைவு மட்டும்தான் என்ற பழைய எண்ணத்தை இது மாற்றியது. அதே சமயம், நலமான செல்கள் பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் செருகல் இருந்தும் அவை நலமாகவே இருக்கின்றன என்பதையும் இது சொல்கிறது.

தாவலே புற்றுநோயைத் தொடங்கிவைத்ததற்கு நேரடிச் சான்று உண்டா?

உண்டு. எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் தெளிவான சான்று.

பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் கெடும் மரபணு ஏ.பி.சி. இது 5ஆவது குரோமோசோமில் இருக்கிறது. செல் எப்போது பிரிய வேண்டும் என்ற கட்டளையைக் கட்டுக்குள் வைப்பது இதன் பணி. ஒவ்வொரு செல்லிலும் இதற்கு இரண்டு பிரதிகள் உண்டு; இரண்டும் கெட்டால்தான் கட்டுப்பாடு முழுமையாக இழக்கப்பட்டு, நுண்குழி பாலிப் என்ற சிறு முளையாக வளரத் தொடங்குகிறது. 1992இல் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நோயாளியின் பெருங்குடல் கட்டியில் ஏ.பி.சி. மரபணுவின் கடைசி எக்சானுக்குள் (எக்சான் என்பது மரபணுவில் புரதக் குறியீட்டைத் தாங்கும் பகுதி) எல்1 துண்டு ஒன்று புகுந்து அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். அதே நோயாளியின் நலமான திசுவில் அது இல்லை. ஆகவே அது பரம்பரையாக வந்ததன்று. அந்த உடலில், அந்தத் திசுவில் நிகழ்ந்தது.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை காணக்கூடிய ஒரு நிகழ்வு 2016இல் விவரிக்கப்பட்டது. வேறொரு நோயாளியில், ஏ.பி.சி.யின் ஒரு பிரதியை எல்1 செருகல் உடைத்திருந்தது. மற்றப் பிரதியில் ஓர் எழுத்துத் திரிபு இருந்தது. இரண்டு பிரதிகளும் கெட வேண்டும் என்ற விதி அப்படியே பொருந்தியது. செருகலின் மூலத்தைத் தேடியபோது, அது 17ஆவது குரோமோசோமில் இருந்த ஒரு சூடான எல்1 என்று தெரிந்தது. அந்த மூலம் நோயாளியின் நலமான பெருங்குடல் திசுவிலேயே பூட்டை மீறிச் செயல்பட்டுக்கொண்டிருந்தது. தாவல் முதலில், கட்டி பிறகு என்ற வரிசை இங்கே ஐயமின்றித் தெரிகிறது. 2019இல் ஃபின்லாந்தில் 202 கட்டிகளை ஆராய்ந்த குழுவும் ஏ.பி.சி.யில் இத்தகைய செருகல்களைக் கண்டது.

அப்படியானால் பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்க்கு இதுவே காரணமா?

இல்லை. பெரும்பாலான கட்டிகளில் ஏ.பி.சி. கெடுவது எழுத்துத் திரிபுகளாலும் சிறு இழப்புகளாலும்தான். ஒரு கட்டியில் காணப்படும் எல்1 செருகல்களில் மிகப் பெரும்பாலானவை மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளியிலோ, மரபணுவுக்குள் புரதக் குறியீடு இல்லாத பகுதியிலோ விழுந்து, எந்த விளைவும் இன்றிக் கிடக்கின்றன. நோயை முன்னெடுத்துச் செல்லும் மாற்றத்தை ஓட்டுநர் என்றும், உடன் வந்துசேர்ந்த மாற்றத்தைப் பயணி என்றும் ஆய்வாளர்கள் பிரிப்பார்கள். எல்1 செருகல்களில் பயணிகளே மிகுதி. 'தாவும் மரபணுவே புற்றுநோய்க்குக் காரணம்' என்ற தலைப்பில் ஒரு செய்தியைக் கண்டால், அது எத்தனை கட்டிகளில், எந்த மரபணுவில் என்று தேடிப் பாருங்கள்.

ஒரு செருகல் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எல்1 படியெடுக்கப்படும்போது, முடிய வேண்டிய இடத்தில் முடியாமல், தனக்கு அடுத்திருக்கும் தொடரையும் சில சமயம் சேர்த்துப் படியெடுத்துவிடும். அந்த ஒட்டுத்துண்டு புதிய இடத்துக்கும் கூடவே போகிறது. மூல எல்1கள் ஒன்றையொன்று ஒத்திருந்தாலும், அவற்றின் பக்கத்துத் தொடர்கள் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையவை என்பதால், அந்தத் துண்டைப் படித்தால் மூலத்தின் முகவரி கிடைத்துவிடும். 2014இல் 290 புற்றுநோய் மாதிரிகளில் நடந்த ஆய்வு இந்த வழியைப் பின்பற்றி, ஒரு சில சூடான எல்1களே பெரும்பகுதிச் செருகல்களுக்குப் பொறுப்பு என்று காட்டியது. அவற்றில் பெயர் பெற்றது 22ஆவது குரோமோசோமில் டி.டி.சி.28 என்ற மரபணுவுக்குள் இருப்பது.

தாவாமலேயே இவற்றால் தீங்கு நேருமா?

நேரும். இந்தப் பக்கம் மக்களுக்கு அதிகம் தெரியாததால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்1இன் தலைப்பகுதியில் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் விசை ஒன்று இருக்கிறது என்று பார்த்தோம். அந்த விசை எதிர்த்திசையிலும் வேலை செய்யக்கூடியது. ஒரு மரபணுவுக்குள் பழங்காலத்திலேயே அமர்ந்துவிட்ட எல்1 ஒன்று மெத்தில் குறியை இழந்தால், அந்த விசை திறந்து, சுற்றியுள்ள மரபணுவைத் தேவையற்ற நேரத்தில் இயக்கிவிடும். மெட் என்ற மரபணு செல்களின் வளர்ச்சியையும் நகர்வையும் தூண்டுவது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய நிலையில், மெட் மரபணுவுக்குள் இருக்கும் எல்1 மெத்தில் குறியை இழந்திருப்பதையும், அதோடு மெட் புரதம் மிகுந்திருப்பதையும் 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே எதுவும் எங்கும் தாவவில்லை.

பழைய ரெட்ரோவைரஸ் எச்சங்களும் இப்படித்தான். எல்.டி.ஆர்.10 என்ற எச்சங்கள், அருகிலுள்ள மரபணுக்களின் வேகத்தைக் கூட்டும் ஊக்கிப் பகுதிகளாகப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் செயல்படுகின்றன என்று 2024இல் தெரியவந்தது. வளர்ச்சிச் சைகையைக் கடத்தும் மேப்-கைனேஸ் பாதை அளவுமீறி இயங்கும்போது, அதன் கடைசிக் கண்ணியான ஏ.பி.1 புரதம் இந்த எச்சங்களின் மேல் வந்து அமர்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு வைரஸ் தன் வசதிக்காகக் கொண்டுவந்த விசை, இன்று ஒரு கட்டியின் கையில் கிடைத்திருக்கிறது.

மூன்றாவது வழி, குரோமோசோம்களே உடைந்து மாறுவது. செருகும் வேலை பிழைபட்டால், இரு வெட்டுகளுக்கு இடையிலுள்ள பகுதி முழுவதும் தொலைந்துபோகலாம். 2020ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில், பல லட்சம் எழுத்து நீளப் பகுதிகளே இவ்வாறு நீங்கியதும், அவற்றோடு புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள் சேர்ந்து போனதும் பதிவாகியிருக்கின்றன.

பரம்பரையாக வரும் பெருங்குடல் புற்றுநோயில் இவற்றுக்குப் பங்கு உண்டா?

உண்டு, இங்கே முன்னிற்பது ஆலு. லிஞ்ச் நோய்க்குறி என்பது டி.என்.ஏ.யில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பிறப்பிலேயே கெட்டிருப்பதால் வருவது. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 ஆகியவை அவற்றில் முதன்மையானவை. எம்.எஸ்.எச்.2 மரபணுவுக்குள் ஆலு பிரதிகள் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஆலுக்கள் தவறாகச் சேர்ந்துகொண்டால், நடுவிலிருக்கும் எக்சான்கள் முழுவதும் நீங்கிவிடும். அந்த இழப்பு குழந்தைக்கு வந்து, குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். ஏ.பி.சி. மரபணுவுக்குள் ஆலு செருகல் ஒன்று பரம்பரையாக வந்த குடும்பமும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

இதனால் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. எக்சான்களின் எழுத்துகளை மட்டும் படிக்கும் மரபணுச் சோதனை, முழு எக்சானே காணாமல் போனதையோ, நடுவில் ஓர் ஆலு புகுந்ததையோ தவறவிடக்கூடும். ஒரு குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே பெருங்குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்திருந்து, சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், பெரிய இழப்புகளையும் பார்க்கும் சோதனை செய்யப்பட்டதா என்று மரபியல் ஆலோசகரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

எல்1 மெத்தில் அளவு நோயின் போக்கைச் சொல்லுமா?

ஓரளவு சொல்லும். புற்றுநோய்த் திசுவில் டி.என்.ஏ. மெத்தில் குறிகளை இழக்கிறது என்பது 1983இலேயே பெருங்குடல் கட்டிகளில் காணப்பட்ட உண்மை. எல்1 பிரதிகள் தொகுதி முழுவதும் பரவியிருப்பதால், அவற்றின் மெத்தில் அளவை அளந்தாலே தொகுதி முழுவதன் நிலையையும் ஏறத்தாழ மதிப்பிட்டுவிடலாம். 2008இல் 643 பெருங்குடல் புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், கட்டியில் எல்1 மெத்தில் குறைந்திருந்தவர்களுக்கு அந்த நோயால் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இளம் வயதில் வரும் பெருங்குடல் புற்றுநோயிலும் இந்தக் குறைவு அதிகமாகக் காணப்படுகிறது. மாறாக, எழுத்துப்பிழை திருத்தும் அமைப்பு பழுதாகி உண்டான கட்டிகளில் எல்1 மெத்தில் அளவு ஒப்பீட்டளவில் உயர்ந்தே இருக்கும்.

ஆனால் இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. மெத்தில் இழப்பு எல்1ஐ விடுவித்ததால் நோய் கடுமையானதா, அல்லது நோயைக் கடுமையாக்கிய வேறொன்றே மெத்தில் இழப்பையும் உண்டாக்கியதா என்பதை இந்த அளவீடு மட்டும் பிரித்துச் சொல்லாது. மருத்துவமனைகளில் சிகிச்சையைத் தீர்மானிக்கும் வழக்கமான சோதனையாக இது இன்னும் ஆகவில்லை.

இரத்தத்தில் இவற்றைக் கண்டு நோயை முன்கூட்டியே அறியலாமா?

முயற்சி நடக்கிறது. நலமான திசுக்களில் ஓ.ஆர்.எஃப்.1 புரதம் காண அரிது; பல புற்றுநோய்களில், பெருங்குடல் புற்றுநோய் உட்பட, அது தெளிவாகத் தெரிகிறது. அதில் மிகச் சிறு அளவு இரத்தத்துக்கும் வந்து சேர்கிறது. தனித்தனி மூலக்கூறுகளையே எண்ணக்கூடிய நுட்பத்தால் அதை அளந்து, பல வகைப் புற்றுநோய்களுக்குப் பொதுவான அடையாளமாகக் கொள்ளலாம் என்று 2023இல் ஓர் ஆய்வு முன்வைத்தது. இது ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய இன்று நம்பத்தக்க வழிகளில் முதன்மையானவை மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காணும் சோதனையும், குழாய்க் கருவியால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோபியும்.

சிகிச்சைக்கு இவை உதவுமா?

இரண்டு எதிரெதிர் வழிகளில் முயல்கிறார்கள் என்பதே இதில் வியப்பு.

முதல் வழி, பூட்டை வேண்டுமென்றே திறப்பது. டெசிடபைன் என்ற மருந்து மெத்திலேற்றத்தைத் தடுக்கும்; சில இரத்தப் புற்றுநோய்களுக்கு அது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. 2015இல் கனடா ஆய்வாளர்கள் அதைப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களுக்குக் குறைந்த அளவில் கொடுத்தபோது, பழைய ரெட்ரோவைரஸ் எச்சங்கள் விழித்து ஆர்.என்.ஏ.வை உருவாக்கின. அந்த ஆர்.என்.ஏ. இரட்டை இழையாகச் சேர்ந்தது. இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்கு வைரஸ் புகுந்ததற்கான அறிகுறி. எம்.டி.ஏ.5 என்ற உணரி அதைப் பற்றி, வைரஸ் தாக்குதலுக்கு எதிரான எச்சரிக்கையை எழுப்பியது. உண்மையில் எந்த வைரஸும் வரவில்லை. செல் தன் பழைய எச்சத்தையே வைரஸ் என்று எண்ணிக்கொண்டது. இதற்கு வைரஸ் போலி நிலை என்று பெயர். கட்டியைக் கண்டும் காணாமல் இருக்கும் நோயெதிர்ப்பு மண்டலத்தை இந்த எச்சரிக்கை தட்டி எழுப்பக்கூடும் என்பதே எதிர்பார்ப்பு. எழுத்துப்பிழை திருத்தும் அமைப்பு சரியாக உள்ள பெரும்பான்மைப் பெருங்குடல் கட்டிகள் இன்றைய நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு இணங்குவதில்லை என்பதால், இந்த எதிர்பார்ப்புக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 2020இல் அதே வழியைத் தொடர்ந்த ஆய்வு, இரட்டை இழையைத் தருவதில் தலைகீழாக அமைந்த ஆலு இணைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்றும், ஏ.டி.ஏ.ஆர்.1 என்ற நொதி அந்த இழைகளைத் திருத்தி எச்சரிக்கையைத் தணிக்கிறது என்றும் காட்டியது. அந்த நொதியையும் சேர்த்துத் தடுத்தால் மருந்தின் விளைவு கூடுகிறது.

இரண்டாவது வழி, தலைகீழ்ப் படியெடுப்பு நொதியை நிறுத்துவது. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கப்படும் லாமிவுடின் எல்1இன் நொதியையும் தடுக்கிறது. பி53 திரிந்து, உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிய பெருங்குடல் புற்றுநோய் உள்ள 32 பேருக்கு இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. 9 பேருக்கு நோய் சில காலம் மேலும் வளராமல் நின்றது. கட்டி சுருங்கியது என்பதன்று இதன் பொருள். பல சிகிச்சைகளைக் கடந்து வந்தவர்களில், புற்றுநோய் மருந்தே அல்லாத ஒரு மாத்திரைக்கு இந்த அளவு விளைவு கிடைத்தது என்பதே கவனத்துக்குரியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இவ்வளவு முக்கியமான கூறுகளைக் கண்டுகொள்ள ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின?

படிக்கும் கருவியே பெருந்தடையாக இருந்தது. வழக்கமான முறை டி.என்.ஏ.யை 150 எழுத்து அளவிலான துணுக்குகளாகப் படித்து, பிறகு இடம் பார்த்து அடுக்குகிறது. ஒரு துணுக்கு எல்1க்குள்ளிருந்து வந்தால், அது 5 லட்சம் இடங்களில் எங்கே பொருந்தும் என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் அத்தகைய துணுக்குகளைக் கணக்கிலேயே எடுக்காமல் ஒதுக்கிவிட்டார்கள். பல ஆயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் கருவிகள் வந்தபின், எல்1ஐயும் அதன் இருபக்கத்தையும் சேர்த்தே காண முடிகிறது.

எச்.ஐ.வி. மருந்தை நோயாளி தாமாகக் கேட்டு எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 32 பேர் கொண்ட ஆய்வு ஒரு மருந்தைப் பரிந்துரைக்கப் போதுமானதன்று; நடந்துகொண்டிருக்கும் கீமோதெரபியின் இடத்தில் அதை வைக்கவும் முடியாது. லாமிவுடின் கல்லீரல் அழற்சி-பி கிருமியையும் அடக்கும் மருந்து என்பதால், அந்தத் தொற்று உள்ளவர் மேற்பார்வையின்றித் தொடங்கி இடையில் நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பக்கூடும். ஆர்வம் உள்ளவர்கள் தம் புற்றுநோய் மருத்துவரிடம், தமக்குப் பொருந்தும் மருத்துவ ஆய்வு எங்கேனும் நடக்கிறதா என்று கேட்கலாம். கேட்கும்போது கட்டியின் பி53 நிலையும் எழுத்துப்பிழை திருத்தும் அமைப்பின் நிலையும் குறிக்கப்பட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்வது உதவும்.